நூறு ரூபாய்க் கணக்கு

பம்பாய் செம்பூர் ஆலையின் கணக்கு ஆபீசர் மாட்டுங்காவில் குடியிருப்பவர். அப்பாவிடம் தமிழில்தான் பேசுவார். அவர் அன்றைக்குக் கேட்டதை அப்பா வீட்டுக்கு வந்து அதே குரலில் எங்களுக்குச் சொல்லிக் காட்டினார்.

"ஓய் சுயம்பு, உமக்கு எந்த பேங்க்ல அக்கவுண்ட்? நாங்க ரொக்கமாத் தரமாட்டோம், தெரியுமோல்லியோ? கோடு போட்ட செக்தான். உம்ம கம்பெனி பேர்ல அக்கவுண்ட் இருந்தாத்தான் அது பணமாகும். இல்லேன்னா கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டிக்கணும்."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. தலைத்துண்டை உதறிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா பதினாறு வருஷமாகத் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஆலைகளில் எண்ணெய் நிரப்பி வைக்கும் பெரிய இரும்புத் தொட்டிகள். சாரம் கட்டி ஏறி, துருவைச் சுரண்டி, செங்காவி பூசி, அது காய்ந்ததும் வெள்ளி நிறப் பெயிண்ட் இரண்டு பூச்சு. பதினாறு வருஷமும் பிரம்மநாயகம் அண்ணாச்சியின் ஆளாகத்தான் செய்தார். ஆலையில் வேலையைப் பேசுவது அண்ணாச்சி, செக்கை வாங்கிப் பேங்கில் போடுவது அண்ணாச்சி. தொட்டிப் பக்கம் அவர் தலைகாட்டுவது தீபாவளிக்கு ஒருமுறை. இதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஆபீசர்தான் போன வருஷம், "வேலை செய்யறது நீர், வாங்கறது அவரா? நீரே ஒரு கொட்டேஷன் கொடும்" என்றார். அப்பா கொடுத்தார். 'சுயம்பு பெயிண்டிங் ஒர்க்ஸ்' என்று பெயர் வைத்தார். ஆறு தொட்டி கிடைத்தது.

வேலை முடிந்து பில்லும் போயாயிற்று. செக் வரவேண்டும். மார்ச் மாதம் முடிவதற்குள் பேங்க் கணக்கு நம்பரைக் கொடுத்தால் ஆலையின் காண்ட்ராக்டர் லிஸ்டில் அப்பாவின் பெயர் ஏறிவிடும், அடுத்த வருஷம் இருபது தொட்டி என்று ஆபீசர் சொல்லியிருந்தார். அந்த லிஸ்டில் ஏறிவிட்டால் அப்பா யாருடைய ஆளும் இல்லை. அதற்கு ஒரு பேங்க் கணக்கு வேண்டும். எங்கள் சந்தில் ஒருவரிடமும் அது இல்லை.

அப்பாவோடு நான் போனேன். ஏழாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வெளி ஆட்கள் ஏதாவது கேட்டால் எனக்கு வாய் எழாது. அதனால் ஏற்பாடு இதுதான்: நான் படித்து அப்பாவின் காதில் சொல்ல வேண்டும், பேசுவது அவர்.

தாதரிலிருந்து டிராமில் போரிபந்தருக்குப் போனோம். அடுத்த மாதத்தோடு டிராம் நிற்கப்போகிறது என்று எல்லாரும் அதைப்பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். கோட்டைப் பக்கம் நாங்கள் ஏறிய பேங்கின் படிகள் பளிங்கு. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் இந்தியில், கம்பெனிக் கணக்கு என்றால் ஆயிரம் ரூபாய் எப்போதும் கிடக்க வேண்டும், அதைத் தொடக்கூடாது என்றார்.

அப்பாவும் இந்தியில், "தொடாம வைக்கிறதுக்கு ஆயிரம் ரூபா இருந்தா நான் ஏன், சாப், தொட்டி மேல ஏறுறேன்?" என்று கேட்டார். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்தால் அப்பாவின் செருப்பைக் காணோம்.

தாதரில் இன்னொரு பேங்க். அங்கே ஐநூறு. அதோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து ரூபாய் பிடிப்பார்கள். செக் தாளுக்குத் தனிக் காசு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "குமாஸ்தா இருக்கா?" என்று கேட்டார்கள். கடை வைத்திருக்கிறவர்களுக்கு முனிசிபாலிடி தரும் லைசன்ஸுக்குப் பம்பாயில் அப்படித்தான் பெயர். உங்கள் கடை எங்கே என்றதற்கு அப்பா, நாற்பதடி உயரத்தில் என்றார். அவர்கள் நம்பாமல் பார்த்தார்கள்.

சயானில் இருந்த மூன்றாவது பேங்கில் நன்றாகவே பேசினார்கள். நாற்காலி போட்டார்கள். பாரம் நிரப்பி முடித்துக் கையெழுத்து என்றபோது அப்பா கட்டைவிரலை நீட்டினார். அவ்வளவுதான். கைநாட்டுக்குச் செக் புத்தகம் கிடையாது என்று பாரத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துக் கூடையில் போட்டார் ஒருவர். நான் இரண்டு தடவை சரிபார்த்து எழுதிய பாரம்.

இந்தச் சங்கதி பிரம்மநாயகம் அண்ணாச்சிக்குப் போய்விட்டது. லேபர் கேம்ப் முனையில் வெற்றிலைக் கடையில் நிற்கும்போது அப்பாவைக் கூப்பிட்டார்.

"வே சுயம்பு, பேங்க் பேங்கா ஏறி இறங்குதீராமே. கோயில் கோயிலா ஏறுனாலும் பிரசாதமாவது கிடைக்கும்."

"ஒண்ணு அமையும் அண்ணாச்சி."

"அமையட்டும், நல்லா இரும். அமையலன்னா நான் எங்கன இருப்பேன்னு உமக்குத் தெரியும்." என்னைப் பார்த்தார். "இவதான் உம்ம கிளார்க்கா? வாயத் தொறக்க மாட்டாளே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசியில் கிடைத்தது மாட்டுங்கா மார்க்கெட்டில், காப்பிப்பொடிக் கடைக்கு மேலே மாடியில் இருந்த ஒரு சின்ன பேங்க். மங்களூர்ப் பக்கத்தவர்கள் நடத்துவது. பூ விற்கும் பெண்கள் கூடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மேனேஜர் வழுக்கைத் தலையர், அரைக்கை சட்டை. நூறு ரூபாய் கட்டினால் போதும், நூறுக்குக் கீழே போகாதவரை ஒரு பைசா பிடிக்க மாட்டோம், குமாஸ்தாவும் வேண்டாம், ஆலையின் ஆர்டர் கடிதம் போதும் என்றார். ஆனால் மூன்று காரியம் வேண்டும். கம்பெனி பெயரில் ரப்பர் முத்திரை. இதே பேங்கில் கணக்கு உள்ள ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. அப்புறம் அப்பாவின் கையெழுத்து.

"எந்த பாஷைல வேணாலும் போடுங்க. ஆனா தெனமும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார்.

முத்திரை இரண்டு நாளில் கிடைத்தது. அப்பா கையெழுத்துக்குப் பத்து நாள் ஆயிற்று. நான்கு எழுத்து. நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன், அவர் அதன்மேல் எழுதுவார். பேனாவைப் பிரஷ் பிடிக்கிற மாதிரி மூன்று விரலால் மேலே பிடித்தார். இரண்டு நிப்பு உடைந்தது. முதல் எழுத்தின் சுழி ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் போயிற்று.

அப்பாவின் ஆட்களில் வெயிலுமுத்து எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருகிறவர். வாசலில் நின்று எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, கையெழுத்துப் போடுதீயளா, ரெண்டாவது கோட்டிங் குடுக்கீயளா?"

"போலே, வேலயப் பாத்துக்கிட்டு. ஒனக்குப் பகார் வேணுமா வேண்டாமா?"

"வேணும், வேணும். நல்லா சுழிச்சுப் போடுங்க."

பகார் என்றால் சம்பளம். அதில் ஆட்கள் ஆறு பேருக்கும் இரண்டு மாதம் நின்றிருந்தது. சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் அப்பா கொடுத்து வந்தார். ஆறு பேரும் பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள். குடும்பத்து சாஸ்தா கோயிலுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி உண்டு. கட்டாதவன் பெயரைச் சொல்லித் திருநீறு கொடுக்க மாட்டார்கள். உத்திரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்கு முதல் நாள் சனிக்கிழமை கையில் பணம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

சாட்சிக் கையெழுத்துக்கு நான்தான் ஆள் கண்டுபிடித்தேன். லேபர் கேம்பில் சேசம்மாள் அக்கா ரவிக்கை தைப்பார். அவருக்கு நான் பொத்தான் துளை தைத்துக் கொடுப்பேன். அவர் கணவர் அமிர்தநாதன் ரயில்வே ஒர்க்ஷாப்பில் கிளார்க். அவர்களிடம் அந்த பேங்கின் பாஸ்புத்தகம் இருப்பதை நான் பார்த்திருந்தேன். இரண்டு நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து தைத்தும் எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு துண்டுத் தாளில் விஷயத்தை எழுதி, தைத்த ரவிக்கைக்குள் மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயந்திரம் அக்கா அந்தத் தாளோடு கணவரையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"இந்தப் பிள்ள லெட்டர் போட்டிருக்கு, பக்கத்துத் தெருவுக்கு!" என்று அம்மாவிடம் காட்டிச் சிரித்தார்.

அமிர்தநாதன் தயங்கினார். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பேங்க்ல என்னையத்தான் கேப்பான்."

"என்ன ஆயிரும்? சுயம்பு அண்ணன் பேங்கத் தூக்கித் தலையில வச்சிட்டு ஓடிருவாரா? மாடிப்படியே இவ்வளவு ஒடுக்கமா இருக்கு. போடுங்க கையெழுத்த!"

அவர் போட்டார். அம்மா சீட்டைத் தள்ளி எடுத்து நூறு ரூபாய் கொடுத்தாள். கணக்குத் திறந்தது. கணக்கு நம்பரை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, அப்பா அதைக் கொண்டுபோய் ஆபீசரிடம் கொடுத்துவிட்டு வந்தார். பாஸ்புத்தகத்தின் மேலட்டையில் 'சுயம்பு பெயிண்டிங் ஒர்க்ஸ்' என்று மேனேஜரே எழுதியிருந்தார். அப்பா அதைத் துணிப்பைக்குள் வைக்காமல் ஒரு வாரம் கையிலேயே வைத்திருந்தார்.

செக் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வந்தது. ஆலையில் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குர்லாவில் ரயில் மாறி சயானில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னாலேயே ஆறு பேரும் வந்துவிட்டார்கள். எங்கள் ஒற்றை அறைக் கோலியில் நிற்க இடமில்லை. அப்பா செக்கை ஒரு தட்டில் வைத்தார். இளம் பச்சைத் தாள். அலை அலையாகக் கோடு ஓடியிருந்தது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய் என்று நீல மையில் பேனாவால் எழுதி, கீழே வலது மூலையில் இரண்டு கையெழுத்து.

ஒவ்வொருவரும் குனிந்து பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. ஆட்களில் மூத்தவரான பிச்சையா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"செவ்வாக்கெழம வீட்டுக்கு வந்த லெச்சுமி. சும்மா வைக்கப்பிடாது, மைனி" என்று அம்மாவிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைப்போம். புதுப் புடவைக்கு, கல்யாணப் பத்திரிகைக்கு, பில் புத்தகத்துக்கு, பெயிண்ட் டப்பா மூடிக்குக்கூட. அப்பாவுக்கு அவர் பெயரில் வந்த முதல் செக். அதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? அம்மா மஞ்சள் பொடியைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள்.

நான் அடுப்புப் பக்கம், தொங்கவிட்டிருந்த சேலை மறைவில் நின்றிருந்தேன்.

நீல மை ஈரத்தில் கரையும். அது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் பேனாவால் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். மழை நாளில் கூரை ஒழுகி என் தாள்கள் நனைந்து வரி வரியாக நீலம் ஓடிப்போனதைப் பார்த்தவள். கிண்ணத்தில் மஞ்சள் தண்ணியாக இருந்தது. அம்மா விரலை முக்கி எடுத்தாள். விரலிலிருந்து ஒரு சொட்டு கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது.

"எம்மா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அங்கே ஏழு ஆண்கள் இருந்தார்கள். சேலையைத் தள்ளிக்கொண்டு நடுவில் போக வேண்டும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய மனுஷி ஆனதிலிருந்து அவர்கள் வரும்போது நான் வெளியே வந்ததில்லை. நல்ல காரியம் நடக்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். ஒரு வேளை செக் எழுதுகிற மை வேறு மாதிரி மையாக இருக்கலாம் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை. அது சேலை மறைவிலேயே நிற்பதற்காக நான் நினைத்தது என்பதும் உண்மை.

"நாலு மூலையிலயும் நல்லாத் தெரியுத மாதிரி வை" என்றார் அப்பா.

அம்மா வைத்தாள். மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவில் குங்குமம். சாமி படத்தின் கீழே தட்டோடு வைத்துச் சூடம் காட்டினாள். வெயிலுமுத்து சட்டென்று, "சுயம்பு பெயிண்டிங் ஒர்க்ஸுக்கு" என்று கத்த, மற்றவர்கள் "ஜே!" என்றார்கள். அம்மா எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். மேல் வலது மூலையில் தேதி இருந்த இடத்தில் மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாக ஒரு வட்டம். கீழே இரண்டு கையெழுத்தில் ஒன்று முழுதாகவும் இன்னொன்று பாதியும் போய்விட்டிருந்தது. அலைக் கோடுகூட அங்கே அழிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அப்பாவும் வந்து பார்த்தார்.

"மஞ்சதான" என்றார். "காஞ்சா உதுந்துரும்."

காய்ந்ததும் துண்டு முனையால் மெதுவாகத் துடைத்தார். அதற்குப் பிறகு தாள் அங்கே நார் நாராக எழுந்துவிட்டது.

மறுநாள் காலை பேங்க் திறக்கும் முன்பே நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். கவுண்டரில் இருந்த இளைஞர் செக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, உரக்கச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரிடம் தூக்கிக் காட்டினார்.

"என்ன இது, கல்யாணப் பத்திரிகையா? பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாரு?"

பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். மரியாதைக்குச் சிரிப்பது போல. "நம்ம வழக்கம் சார்" என்றார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. செக்கை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கையெழுத்து இல்லை. தேதி இல்லை. தாளைச் சுரண்டின மாதிரி இருக்கு. இதை நான் அனுப்பினா அந்த பேங்க்ல திருட்டு செக்குன்னு சொல்லுவாங்க. உங்க பேரும் போகும், சாட்சி போட்டவர் பேரும் போகும்."

"நீங்க ஆலைக்கு போன் போட்டுக் கேட்டா குடுத்தோம்னு சொல்லுவாங்களே. இப்பக் கேளுங்க சார். நான் திருடலன்னு சொல்லுவாங்க."

"நீங்க திருடலன்னு எனக்குத் தெரியும்" என்றார் மேனேஜர். "செக்குக்குத் தெரியாதே. வேற செக் வாங்கிட்டு வாங்க. கணக்கு பத்திரமா இருக்கு."

வியாழக்கிழமை அப்பா தனியாகச் செம்பூர் போனார். ஆபீசர் செக்கை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, "மஞ்சக்காப்பா சாத்தினேள்? ஏன் ஓய், ரெண்டு நாள் வெறுமனே வச்சிருக்கக்கூடாதோ?" என்றாராம். அதற்குப் பிறகு அவரே எழுந்து மேலே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். புதுச் செக்குக்கு இரண்டு டைரக்டர்கள் கையெழுத்து வேண்டும். ஒருவர் சீமைக்குப் போயிருக்கிறார். பழையதை நிறுத்தச் சொல்லிக் கடிதம், முத்திரைத் தாளில் ஒரு உறுதிமொழி. எல்லாம் முடிய மே மாதம் ஆகும். அதற்கு முன்னால் முடியாது.

"என் கையில இருந்தா இப்பவே தந்துடுவேன்" என்றாராம். அப்பா அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு பேரும் வந்தார்கள். இந்தத் தடவை யாரும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றார்கள். அப்பா எல்லாவற்றையும் சொன்னார்.

பிச்சையா, "நாந்தான வைக்கச் சொன்னேன்" என்றார்.

"ஒம்ம மேல யாரு குத்தம் சொன்னா?" என்றார் அப்பா.

வெயிலுமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அண்ணாச்சி, நீங்க ஏமாத்துதீயன்னு சொல்லல. சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா வெறுங்கையோட எப்பிடி ஊருக்குப் போக? கோயில் வரி கட்டலன்னா நாளைக்கு எம்பிள்ளைக்கு அங்கன முடியெறக்க விடமாட்டான். போகாம இருக்கலாம்னா டிக்கெட்டு எடுத்தாச்சு. அங்க அவ தேதி எண்ணிக்கிட்டு இருக்கா."

"நாளைக்குச் சாயந்திரம்னு சொன்னேன். இன்னும் நாளைக்கு வரல்ல" என்றார் அப்பா.

அவர்கள் போனார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவ்வளவு பணம் வைத்திருக்கிறவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பிரம்மநாயகம் அண்ணாச்சியே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தாள்.

"வே, நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல" என்றார். "ஆறு பேர் பகாரும் இன்னைக்கே நான் தாரேன். வட்டி வேண்டாம். மே மாசம் செக் மாறுனதும் திருப்பிக் குடுத்தாப் போதும். வேற எவன் குடுப்பான்?"

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் அப்பா. விலை என்ன என்று கேட்பது அவருடைய அந்தக் குரல்.

"லிஸ்ட்ல ஒம்ம பேர் வேண்டாம். இருபது தொட்டியும் நான் பேசிக்கிடுதேன். நீரே மேஸ்திரியா இரும். எப்பவும் போல. நமக்கு எதுக்குவே பேங்கும் மண்ணும்? படிச்சவன் வேல அது. ஒரு தாள்ல மஞ்ச வச்சதுக்கே இந்தப் பாடு."

அம்மா அடுப்புப் பக்கம் வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ஒரே ஒரு தடவைதான் வாசலைப் பார்த்தார். அங்கே வெயிலுமுத்துவும் மற்றவர்களும் வந்து நின்றிருந்தார்கள். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, ஆபீசருக்கு ஒரு கடுதாசி எழுது. ஒடம்பு சரியில்ல, தனியா எடுத்துச் செய்ய முடியாது, லிஸ்ட்ல பேர் வேண்டாம்னு."

எழுதினேன். படித்துக் காட்டினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசலுக்குப் போய் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தார். அப்பா அவர் பக்கத்தில் நின்று, யாருக்கு எத்தனை நாள் என்று சொன்னார். பணத்தை வாங்கியவர்கள் அண்ணாச்சியைக் கும்பிட்டார்கள். பிச்சையா மட்டும் அப்பாவையும் கும்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போனார்கள். அந்த வருஷம் அப்பா போகவில்லை.

மே மாதம் இரண்டாவது வாரம் புதுச் செக் வந்தது. அதை யாரும் தட்டில் வைக்கவில்லை. ஆலையிலிருந்து நேராகக் கொண்டுபோய்ப் பேங்கில் போட்டோம். மூன்று நாள் கழித்து, அண்ணாச்சிக்குத் தரவேண்டியதையும் பெயிண்ட் கடை பாக்கியையும் எடுத்தோம். மிஞ்சியது கொஞ்சம். அதையும் அந்த நூறையும் சேர்த்துக் கொடுத்துவிடும்படி அப்பா சொன்னார்.

மேனேஜர் பாஸ்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நூறு கெடக்கட்டுமே. ஒண்ணும் பிடிக்க மாட்டோம். என்னைக்காவது உதவும்" என்றார்.

"எதுக்கு சார் அது சும்மாக் கெடந்துக்கிட்டு" என்றார் அப்பா. மேனேஜர் பாஸ்புத்தகத்தின்மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டார்.

மார்க்கெட்டைத் தாண்டி லேபர் கேம்ப் வழியாக நடந்தோம். உச்சி வெயில். அப்பா அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தார். ஒரு மணிக்குள் செம்பூரில் இருக்க வேண்டும். தாண்டினால் அண்ணாச்சி முழு நாளையும் வெட்டிவிடுவார். அதனால் வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன். இரண்டு மாதமாக என் தொண்டையில் இருந்ததை ரயில் பாதைப் பக்கம் வரும்போது சொல்லிவிட்டேன். வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்ததால் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எப்பா, மை கரையும்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு அம்மா மஞ்சள் கொழைக்கும்போதே தெரியும்."

அப்பா நின்றார்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"எல்லாரும் இருந்தாங்க. வெளிய வர வெக்கமா இருந்துச்சு." நான் அழ ஆரம்பித்தேன். "நான் சொன்னா மட்டும் நீங்க கேட்டிருப்பீங்களா எப்பா? அத்தன பேரு முன்னால, நல்ல நேரத்துல, ஒரு பொட்டப்பிள்ள வேண்டாம்னு சொன்னா?"

கேட்டிருக்க மாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்காகவே அப்படிக் கேட்டேன். அவர் அந்த வீட்டையும், அந்தத் தட்டையும், சேலை மறைவிலிருந்து நான் வெளியே வருவதையும் மனதுக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பவர்போல நின்றார். வண்டி போய் முடிந்தது.

"கேட்டிருப்பேன் தாயி" என்றார்.

பிறகு, நேரமாகிறது, நீ இப்படியே வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டு, சயான் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.